தேதி போடாத வாய்தா: பிரவுசர் டெஸ்ட் குழுக்களை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரவுசரை வெளியிலிருந்து இயக்கிப் பிழை தேட உதவும் ரிமோட் டீபக்கிங் இடைமுகத்தை நம்பி மென்பொருள் செய்யும் குழுக்களின் மேலாளர்களுக்கும் லீட்களுக்கும்,

வணக்கம்.

பதினோரு வருடமாக மென்பொருளைச் சோதிக்கும் டெஸ்ட்களை எழுதுகிறேன். அதில் பெரும்பகுதி குரோமின் டெவ்டூல்ஸ் புரோட்டோகாலோடு போனது. வெளியிலிருந்து ஒரு வெப்சாக்கெட் (திறந்தே இருக்கும் இணைப்பு) வழியாக பிரவுசரிடம் 'இந்தப் பக்கத்துக்குப் போ', 'இந்த வரியில் நில்' என்று ஜேசன் என்ற எழுத்து வடிவில் சொல்கிறோம்; பிரவுசர் பதில் அனுப்புகிறது, கூடவே உள்ளே நடக்கும் நிகழ்வுகளையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுகிறது. ஏற்பாடு அவ்வளவுதான். குரோமில் பப்பெட்டீர் என்ற தானியக்கக் கருவியை ஓட்டுகிற எல்லாரும், தெரிந்தோ தெரியாமலோ, இதன் மேல்தான் நிற்கிறார்கள்.

ஒரு வரிகூட மாற்றாமல் ஒரு தடவை பாஸ் ஆகி, அடுத்த தடவை ஃபெயில் ஆகிற டெஸ்ட்களைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஃபிளேக்கி டெஸ்ட் என்று நாம் எல்லாரும் சொல்வது. அவற்றை உங்கள் குழுக்களில் கையாளும் விதம் தப்பு என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் கையாண்டேன். அதனால் என்ன ஆனது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன் கோடில் பிழை தேட உதவும் ஒரு டீபக்கர் கருவியைச் செய்யும் குழுவில் இருந்தேன். எங்களிடம் ஒரு டெஸ்ட் இருந்தது. புதிதாக ஒரு டேப் திறக்கும். அந்தப் பக்கத்தின் முதல் ஸ்கிரிப்டில், முதல் வரியிலேயே, முன்கூட்டியே ஒரு பிரேக்பாயிண்ட், அதாவது ஓட்டத்தை நிறுத்தும் குறி, போட்டிருப்போம். ஓட்டம் அங்கே நிற்க வேண்டும். என் லேப்டாப்பில் அது ஒருநாளும் தவறியதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐ மெஷினில் மட்டும் முப்பது நாற்பது ஓட்டத்துக்கு ஒரு தடவை நிற்காமல் ஓடிவிடும்.

ஒரு வியாழக்கிழமை இரவு ரிலீஸ். பில்ட் சிவப்பு, அதாவது அந்த டெஸ்ட் ஃபெயில். "இன்னொரு வாட்டி ஓட்டுங்க" என்றார் லீட். ஓட்டினோம், பச்சையானது, வீட்டுக்குப் போனோம். இரண்டு வாரம் கழித்து மறுபடி அதே கதை. குழுவில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண் என் மேஜைக்கு வந்து, "அண்ணா, இது பாஸா ஃபெயிலா? ரிப்போர்ட்ல என்னன்னு போடணும்?" என்று கேட்டார். அந்த மாதம் முழுவதிலும் எங்கள் குழுவில் யாரும் கேட்காத சரியான கேள்வி அது. "அது ஃபிளேக்கிம்மா, டிஸேபிள் பண்ணிடலாம்" என்றேன். டிஸேபிள் பண்ணிய வரியைச் சேர்த்ததும் நான்தான்.

ஆறு வாரம் போனது. எங்கள் கருவியை வாங்கிப் பயன்படுத்திய ஓர் இடத்திலிருந்து புகார் வந்தது: பிரேக்பாயிண்ட் சில நேரம் நிற்பதில்லை. எழுதியவர் அதற்குள் நான்கு நாள் தன் கோடில்தான் தப்பு என்று தேடித் தீர்த்திருந்தார்.

காரணம் எளிமையானது. புரோட்டோகாலின் கட்டளைகள் டொமைன் என்ற தொகுதிகளாகப் பிரிந்திருக்கும். அதில் டார்கெட் டொமைனில் 'செட் ஆட்டோ அட்டாச்' என்று ஒரு கட்டளை உண்டு. அதில் 'வெயிட் ஃபார் டீபக்கர் ஆன் ஸ்டார்ட்' என்பதைப் போட்டுவிட்டால், புதிய டேப் பிறந்த உடனே நின்றுகொள்ளும். ரன்டைம் டொமைனின் 'ரன் இஃப் வெயிட்டிங் ஃபார் டீபக்கர்' கட்டளை வந்த பிறகுதான் நகரும். அந்த இடைவெளிக்குள் பிரேக்பாயிண்ட்களைப் போட்டு முடிக்க வேண்டும். எங்கள் கோடில் ஒரு பகுதி, டிஸ்கிலிருந்து பிரேக்பாயிண்ட் பட்டியலைப் படித்து அனுப்பிக்கொண்டிருந்தது. இன்னொரு பகுதி, அது முடிந்ததா என்று பார்க்காமலே டேபை அவிழ்த்துவிட்டது. என் லேப்டாப்பில் டிஸ்க் வேகம், அதனால் பட்டியல் எப்போதும் முந்திக்கொண்டது. சிஐ மெஷினில் பல வேலைகள் ஒரே டிஸ்கை இழுத்துக்கொண்டிருக்கும். அங்கே எப்போதாவது பிந்திவிட்டது. வாடிக்கையாளரின் பழைய கணினியிலும் அதேதான்.

அந்த டெஸ்ட் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. 'இந்தக் கருவி எப்போதாவது நிற்காது' என்று சரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. நாங்கள்தான் அதன் வாயை அடைத்தோம்.

ரிமோட் டீபக்கிங் மற்ற இடங்களைப் போல அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு சாதாரணப் பக்கத்தின் பட்டனைச் சோதிக்கும் டெஸ்ட் தடுமாறினால், தடுமாறியது டெஸ்ட்டின் கை, பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது என்று பல நேரம் சொல்லிவிடலாம். இங்கே டெஸ்ட் உட்கார்ந்திருப்பது பயனரின் நாற்காலியிலேயே. உங்கள் பயனரின் கோடும் இதே சாக்கெட்டின் மறுமுனையில்தான் இருக்கிறது. இதே நிகழ்வுகளுக்குத்தான் காத்திருக்கிறது. எது முந்தும் என்ற எந்தப் பந்தயத்தில் டெஸ்ட் தோற்கிறதோ, அதில் அவரும் தோற்பார். 2014-இல் 51 அப்பாச்சி திட்டங்களில் ஃபிளேக்கி டெஸ்ட்களைச் சரி செய்த 201 மாற்றங்களை எடுத்துப் படித்த ஓர் ஆய்வு, காரணங்களில் கிட்டத்தட்டப் பாதி வேறொரு வேலை முடியும்வரை சரியாகக் காத்திராததால் வந்தவை என்றது. என்னை உலுக்கியது அதிலேயே இருந்த இன்னொரு தகவல்: ஏறக்குறைய நாலில் ஒரு பங்குத் திருத்தங்கள் டெஸ்ட்டோடு நிற்காமல் சோதிக்கப்பட்ட கோடையே மாற்றியவை, அவற்றிலும் மிகப் பெரும்பாலானவை நிஜமான பிழையைத் தீர்த்தவை.

ஃபெயில் ஆன டெஸ்ட்டைத் தானாக மறுபடி ஓட்டும் ரீட்ரையைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. உங்கள் பைப்லைனில் (டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் ஏற்பாட்டில்) ஒரு டெஸ்ட்டுக்கு மூன்று வாய்ப்பு, ஒன்றில் பாஸ் ஆனால் போதும் என்று வைத்திருக்கிறீர்கள். கோடில் ஒரு பிழை. பத்துக்கு ஒரு தடவை வெளிப்படுகிறது. மூன்று வாய்ப்பிலும் தொடர்ந்து தோற்றால்தான் உங்கள் முடிவுப் பலகையில் சிவப்பு வரும். அது ஆயிரத்துக்கு ஒரு தடவை. பயனருக்கோ ரீட்ரை கிடையாது. அவர் பத்துக்கு ஒரு தடவை அடிபடுகிறார், நீங்கள் ஆயிரத்துக்கு ஒரு தடவை பார்க்கிறீர்கள். பார்த்த அன்றும் ஃபிளேக்கி என்று சொல்லிவிடுவீர்கள்.

ரீட்ரை ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆயிரம் டெஸ்ட், ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு ஒரு தடவைதான் தவறும் என்றாலும், மொத்த ஓட்டம் சிவப்பாக முடியும் வாய்ப்பு 63 விழுக்காடு. அப்படி ஒரு பலகையை வைத்துக்கொண்டு யாரும் ரிலீஸ் பண்ண முடியாது. கூகுள் தன் உள்சோதனைகளைப் பற்றி 2016-இல் வெளியிட்ட கணக்கில், டெஸ்ட்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் ஏதோ ஓர் அளவு தடுமாற்றம் இருந்தது. பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறிய சம்பவங்களில் 84 விழுக்காடு ஃபிளேக்கி டெஸ்ட் சம்பந்தப்பட்டவை. இப்படி இருந்தால் சிவப்பைப் பார்த்ததும் பொறியாளருக்கு முதலில் சந்தேகம் வருவது டெஸ்ட் மேல்தான். அவரை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அவருக்கு நேரம் கொடுக்காத உங்களிடம்தான் பேசுகிறேன்.

தீர்ப்பது அப்படி ஒன்றும் மாயவித்தை இல்லை. நான் பார்த்ததில் பாதிக்கு மேல் ஒரே வகைப் பிழை. ஒருவர் இப்படி எழுதியிருப்பார்: பேஜ் டொமைனின் 'நேவிகேட்' கட்டளையை அனுப்பு, பதில் வரக் காத்திரு, அப்புறம் 'லோட் ஈவென்ட் ஃபயர்ட்' நிகழ்வுக்குக் காத்திரு. படிக்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் பக்கம் சின்னதாக இருந்தால், பதிலைக் கையில் வாங்கி அடுத்த வரிக்கு வருவதற்குள் லோட் நிகழ்வு வந்து போயிருக்கும். கேட்க ஆள் வைக்கும் முன்பே கதவைத் தட்டிவிட்டுப் போய்விட்டது. டெஸ்ட் முப்பது விநாடி வெறுமனே உட்கார்ந்து டைம்-அவுட் ஆகும். உடனே யாராவது டைம்-அவுட்டை அறுபது விநாடி ஆக்குவார்; அது நேரத்தை மட்டும்தான் தின்னும். செய்ய வேண்டியது வரிசையை மாற்றுவது: முதலில் நிகழ்வுக்குக் காதைத் திறந்து வை, பிறகு கட்டளையை அனுப்பு, கடைசியில் இரண்டுக்கும் சேர்த்துக் காத்திரு. ஒரு வரி மேலே போகும். அவ்வளவுதான் திருத்தம்.

அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க லாக் வேண்டும். ஃபெயில் ஆன ஓட்டத்தில் சாக்கெட்டில் போன, வந்த ஒவ்வொரு மெசேஜும் நேரத்தோடு சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். பாஸ் ஆன லாக்கையும் ஃபெயில் ஆன லாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டு வந்தால், ஓர் இடத்தில் இரண்டு வரிகள் இடம் மாறியிருக்கும். மேலே சொன்ன பிரேக்பாயிண்ட் விவகாரத்தில் அது பதினேழாவது வரியும் பதினெட்டாவது வரியும். அன்றைக்கு முதல் சிவப்பு வந்தபோதே பார்த்திருந்தால் அரை மணி நேரத்து வேலை. எங்கள் பைப்லைனில் மறு ஓட்டம் தொடங்கியதுமே பழைய லாக் அழிந்துவிடும்படி அமைத்திருந்தார்கள். உங்கள் பைப்லைனிலும் அப்படியா என்று தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.

இன்னொரு சிக்கலான வகை, ஒரு நிகழ்வு வரக்கூடாது என்று சோதிப்பது. எவ்வளவு நேரம் காத்திருந்தால் 'வரவில்லை' என்று சொல்லலாம்? அரை விநாடி என்று போடுவார்கள். மெதுவான மெஷினில் தப்பான நிகழ்வு முக்கால் விநாடியில் வரும், டெஸ்ட் பச்சையாக முடிந்திருக்கும். தடுமாறும் டெஸ்ட்டையாவது கண்ணால் பார்க்கலாம், இது பொய்ப் பச்சை. நான் செய்வது, அதே செஷனில், அதே டொமைனைச் சேர்ந்த வேறு ஒரு சாதாரணக் கட்டளையை அனுப்பி அதன் பதிலை எல்லைக்கல்லாக வைத்துக்கொள்வது. அதுவரை வராதது அந்த வேலையால் வரப்போவதில்லை. அதே டொமைன் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில கட்டளைகளுக்கு பிரவுசரின் மைய புராசஸ் பதில் சொல்கிறது, சிலவற்றுக்குப் பக்கத்தை வரையும் ரெண்டரர் புராசஸ் பதில் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே வரிசைக்கு உத்தரவாதம் இல்லை. 2018-இல் குரோம் 67-லிருந்து கணினிகளில் சைட் ஐசொலேஷன் (தளத்துக்குத் தளம் தனி புராசஸ்) வழக்கமாகவே இயங்க ஆரம்பித்த பின், வேறு தளத்திலிருந்து வந்து பக்கத்துக்குள் பதிந்திருக்கும் ஐஃப்ரேம்கூடத் தனி புராசஸ், தனி டார்கெட். ஒரே பக்கம் என்று நாம் நினைப்பது உள்ளே மூன்று நான்கு இடங்களில் இருக்கிறது. 'எக்ஸிக்யூஷன் கான்டெக்ஸ்ட் அழிந்துவிட்டது' என்று வரும் அந்தப் பிரபலமான பிழைச்செய்தியும் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது: பக்கம் இடம் மாறிவிட்டது, நாம் பழைய விலாசத்துக்கே கடிதம் போடுகிறோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரவுசரோடு இணைய வழக்கமாகப் பயன்படும் 9222 என்ற போர்ட் எண்ணை டெஸ்ட்டில் நேரடியாக எழுதினால், ஒரே மெஷினில் இரண்டு ஓட்டம் வந்த அன்றைக்கு ஒன்று மற்றதன் பிரவுசரோடு பேசும். போர்ட் 0 என்று கொடுத்து, பிரவுசர் தானே தேர்ந்தெடுத்த எண்ணை, தன் அமைப்புகளை வைக்கும் புரொஃபைல் ஃபோல்டரில் எழுதிவைக்கும் கோப்பிலிருந்து படியுங்கள், இல்லாவிட்டால் போர்ட்டே வேண்டாத பைப் முறைக்குப் போங்கள். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் புது புரொஃபைல். எதிர்பார்க்கும் வெளியீட்டை ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வைத்து ஒப்பிடுவதானால், ஸ்கிரிப்ட் ஐடி, டைம்ஸ்டாம்ப் மாதிரி ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறவற்றை மறைத்துவிட்டு ஒப்பிட வேண்டும். குரோமின் திறமூல அடிப்படையான குரோமியத்தின் இன்ஸ்பெக்டர் புரோட்டோகால் டெஸ்ட்கள் இதைத் தாங்களாகவே செய்துகொள்கின்றன, எண் இருந்த இடத்தில் 'எண்' என்று மட்டும் அச்சாகும். ஸ்லீப் போட்டுக் காத்திருப்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புது டெஸ்ட் ஒன்று உள்ளே வரும்போதே வடிகட்டுவதற்கும் வழி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் செய்கிறவர்களிடம் டெஸ்ட் வெரிஃபை என்று ஒரு வேலை உண்டு. மாற்றப்பட்ட டெஸ்ட்டை ஒரே பிரவுசரில் பல தடவையும், புதுப்புது பிரவுசரில் பல தடவையும் ஓட்டும், கேயாஸ் மோட் என்று வேண்டுமென்றே வரிசைகளைக் குலைத்தும் ஓட்டிப் பார்க்கும். பிரவுசர்களுக்குப் பொதுவான வெப் பிளாட்ஃபார்ம் டெஸ்ட் திட்டத்திலும் இதேபோல நிலைத்தன்மைச் சோதனை இருக்கிறது. இதற்கெல்லாம் உள்கட்டமைப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். டெவ்டூல்ஸ் புரோட்டோகாலிலேயே எமுலேஷன் டொமைனில் சிபியு வேகத்தைக் குறைக்கும் கட்டளை இருக்கிறது. நாலு மடங்கு மெதுவாக்கி, ஐம்பது தடவை ஓட்டுங்கள். லேப்டாப்பில் ஒருநாளும் தவறாத டெஸ்ட் மதியச் சாப்பாட்டுக்குள் தவறும்.

சில பந்தயங்களை டெஸ்ட் எழுதுகிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தீர்க்க முடியாது, புரோட்டோகாலே தீர்க்க வேண்டும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யில் உருவாகிவரும் வெப்டிரைவர் பைடை என்ற புரோட்டோகாலில் பக்கத்துக்குப் போகச் சொல்லும் கட்டளையிலேயே எதுவரை காத்திருக்க வேண்டும் என்று குறிப்பிடலாம். 'கம்ப்ளீட்' என்று சொன்னால் பக்கம் முழுதாக ஏறிய பிறகுதான் பதிலே வரும். மேலே சொன்ன லோட் நிகழ்வுப் பந்தயம் அங்கே எழவே எழாது. ஃபயர்ஃபாக்ஸ் குரோமின் புரோட்டோகாலுக்குத் தந்த ஆதரவை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்தது. 2024-இல் பப்பெட்டீரும் ஃபயர்ஃபாக்ஸுக்கு அதையே எடுத்துக்கொண்டது. உங்கள் குழு பழைய புரோட்டோகாலில்தான் இன்னும் சில வருடம் இருக்கப்போகிறது என்றால், அதைச் சுற்றி நீங்கள் எழுதியிருக்கும் உறைக்குள்ளாவது இப்படி ஒரு கட்டளையை நீங்களே கட்டிக்கொள்ளலாம். ஓரிடத்தில் சரி செய்தால் முந்நூறு டெஸ்ட் சரியாகும்.

இனி டிஸேபிள் பண்ணுவதைப் பற்றி. நான் அதற்கு எதிரி இல்லை. ரிலீஸ் நாளில் ஒரு டெஸ்ட் எல்லாரையும் மறித்துக்கொண்டு நின்றால், ஓரமாக உட்கார வைக்கத்தான் வேண்டும். குரோமியத்தில் அதற்கென்றே டெஸ்ட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பக் எண், எந்த இயங்குதளம், என்ன முடிவு எதிர்பார்க்கலாம் என்று இருக்கும். 'பாஸ் அல்லது ஃபெயில்' என்றும் எழுதலாம், அப்போது டெஸ்ட் ஓடிக்கொண்டே இருக்கும், மறிக்காது. ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மொஸில்லாவில் ஷெரிஃப் என்ற பெயரில் ஆட்கள் நாள் முழுக்க ஃபெயில்களைப் பார்த்து, ஏற்கெனவே தெரிந்த தடுமாற்றம் எது, புதிதாக வந்தது எது என்று பிரித்து, பக் எண்ணோடு குறித்துவைக்கிறார்கள்.

நான் வேலை பார்த்த இடங்களில் நடந்தது வேறு. டெஸ்ட்டின் தலையில் 'ஸ்கிப்' என்று ஒரு வார்த்தை, பக்கத்தில் 'ஃபிளேக்கி, பிறகு பார்க்கலாம்' என்று ஒரு கமென்ட். யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது, எந்த பக் எண், ஒன்றும் கிடையாது. தேதி போடாத வாய்தா மாதிரி அது. வழக்கு நடக்கிறது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள், வழக்குக் கட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது. போட்டவர் இரண்டு கம்பெனி மாறியிருப்பார்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். ரீட்ரை இருக்கட்டும், ஆனால் முதல் ஃபெயிலை எண்ணுங்கள். இரண்டாவது தடவை பச்சையான டெஸ்ட்டைப் பச்சை என்று எழுதாதீர்கள், மஞ்சள் என்று தனியாக எழுதுங்கள், அதன் லாக்கை வைத்திருங்கள். ஓரமாக உட்கார வைத்த ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஒரு பக் எண், ஓர் ஆள் பெயர், ஒரு தேதி போடுங்கள். தேதி தாண்டினால் அது தானாகத் திரும்பி ஓடட்டும். யாராவது வந்து வாய்தாவை நீட்டிக்க வேண்டும், காரணம் எழுதி. படித்துப் பார்த்து இது எதையுமே சோதிக்கவில்லை என்று தெரிந்தால் அழித்துவிடுங்கள், அதில் தப்பே இல்லை.

இந்த வேலையைக் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் கட்டாதீர்கள். தடுமாறும் டெஸ்ட்டின் வேரைத் தேடுவது சோதனை வேலையிலேயே கடினமான வேலை. பிரவுசரின் புராசஸ் அமைப்பு, நெட்வொர்க், நம் கோட் மூன்றும் ஒருசேரத் தெரிய வேண்டும். வாரம் ஒருவர் என்று முறைபோட்டு மூத்தவர்கள் உட்காரட்டும், புதியவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அந்த வாரம் அவருக்கு வேறு டிக்கெட் வேண்டாம். இதை மட்டும் நீங்கள் செய்ய முடியும், நாங்கள் யாரும் செய்ய முடியாது.

அப்புறம் அந்தப் பாஸ் விழுக்காடு. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட்டில் 98-க்குக் கீழே போனால் கேள்வி வரும் என்று எங்களுக்குத் தெரியும், அந்த எண் அப்ரைசலுக்கும் போகிறது. அதனால் வியாழக்கிழமை சாயந்திரம் என்ன நடக்கிறது என்று உங்களில் பலருக்கும் தெரியும், ஒரு காலத்தில் நீங்களும் செய்ததுதான். மறு ஓட்டம், மறு ஓட்டம், கடைசியில் ஒரு ஸ்கிப். அந்த எண்ணை எங்கள் அப்ரைசலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, இந்த மாதம் எத்தனை மஞ்சளுக்கு வேர் கண்டுபிடித்தோம், அதில் எத்தனை நம் கருவியின் பிழை என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எங்களுக்கு ஆசையாக இருக்கும்.

நாளைக் காலை உட்கார்ந்ததும் உங்கள் ரெப்பாசிட்டரியில் 'ஸ்கிப்' என்று தேடிப் பாருங்கள். முதலில் வரும் வரியைப் போட்டது யார், எந்தத் தேதியில் என்று கோடின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் பார்த்துவிட்டு, அந்த ஒரு டெஸ்ட்டை மட்டும் ஐம்பது தடவை ஓட்டச் சொல்லுங்கள். ஃபெயில் ஆன முதல் லாக்கை நீங்களே திறந்து, பாஸ் ஆன லாக்கின் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அன்புடன்,
அந்த பிரேக்பாயிண்ட் டெஸ்ட்டை டிஸேபிள் பண்ணிய ஒரு டெஸ்ட் பொறியாளர்